பந்தியில் உட்காருகிறாரா?

பக்கவாதம் வந்தவரைப் பார்க்கப் போனால், "எழுந்து நடக்கிறாரா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதோடு நிறுத்திவிடுகிறோம். மீதிக் கேள்விகளையும் பார்த்துவிடுவோம்.

மருத்துவமனைகளில் வெகுகாலமாகப் புழங்குவது 1965இல் வெளிவந்த பார்தெல் அளவுகோல். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, படியேறுவது என்று பத்து வேலைகள். எல்லாவற்றையும் துணையில்லாமல் செய்தால் 100 மதிப்பெண்.

ஆலங்குடிப் பக்கத்து விவசாயி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வலது கையும் காலும் விழுந்தன. ஆறு மாதத்தில் கால் தேறிவிட்டது, கை வரவில்லை. இடது கையால் தானே எடுத்துச் சாப்பிடுகிறார். பார்தெல் கணக்கில் சாப்பாட்டுக்கு முழு மதிப்பெண். ஆனால் ஆடி பிறந்து வடகாடு, கீரமங்கலம் பக்கமெல்லாம் மொய் விருந்து களைகட்டும்போது அவர் வீட்டைவிட்டு இறங்குவதில்லை. நாலு பேர் நடுவே இலையில் இடது கையை வைக்க மனம் கூசுகிறது. மொய்ப் பணத்தை மகனிடம் கொடுத்தனுப்பிவிடுகிறார். இந்த இழப்புக்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

இதைப் பிடிக்க வந்தவைதான் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் வினாத்தாள்கள். இவற்றில் பதில் சொல்பவர் நோயாளியே. எஸ்.எஃப்-36 என்பதில் 36 கேள்விகள். விடைகளைக் கூட்டி உடலுக்கு ஒரு எண், மனதுக்கு ஒரு எண் தருவார்கள். அமெரிக்கப் பொதுமக்களின் சராசரியை 50 என்று வைத்த கணக்கு அது. இரண்டு எண்களும் சேர்ந்தே ஏற வேண்டும் என்றில்லை. உடல் தேறும்போதே மனம் இறங்கலாம். பக்கவாதத்துக்கென்றே 1999இல் வந்த இன்னொரு அளவுகோல் கையின் திறன், பேச்சு, நினைவு, உணர்ச்சி, ஊர் உறவில் கலந்துகொள்வது என எட்டுப் பகுதிகளைத் தனித்தனியே கேட்கிறது. நம் விவசாயியின் மொய் விருந்து அந்தக் கடைசிப் பகுதியில் வந்துவிடும்.

கேள்விகள் ஊருக்குப் பொருந்தவும் வேண்டும். எஸ்.எஃப்-36இன் மூலத்தில் ஒரு கேள்வி கோல்ஃப் ஆடுவதை உதாரணமாகச் சொல்கிறது. இங்கே கேட்க வேண்டியது, சம்மணமிட்டு உட்கார்ந்து எழ முடிகிறதா, பூக்கட்ட விரல் வளைகிறதா என்பதை. உலக சுகாதார நிறுவனம் பல நாட்டு மையங்களைச் சேர்த்துத் தன் வினாத்தாளை உருவாக்கியது இதற்காகத்தான். சென்னையும் அதில் ஒரு மையம். 26 கேள்விகள் கொண்ட அதன் சுருக்க வடிவம் தமிழிலும் உண்டு.

மனதின் எண்ணை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. "முன்ன மாதிரி பேசுறதில்ல" என்று வீட்டார் அதை வயதின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். சோர்ந்தவர் பயிற்சியைக் கைவிடுகிறார், தேற வேண்டிய கையும் பின்தங்குகிறது. இத்தனைக்கும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது.

கேள்வியை நோயாளியிடமே கேளுங்கள். அவருக்காக வீட்டார் பதில் சொன்னால், அவர் உணர்வதைவிட நிலைமையை மோசமாகச் சொல்லிவிடுவது வழக்கம். பேச்சு போனவரானால் படம் காட்டி, தலையசைப்பைப் பார்த்து, பொறுமையாகக் கேட்கலாம்.

வீட்டார் பாசம் மட்டும் போதாது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் நடந்த அட்டெண்ட் ஆய்வு 2017இல் வெளியானது. வீட்டாருக்குப் பயிற்சி தந்து அவர்கள் கையிலேயே மறுவாழ்வுப் பணியை விட்டதில், ஆறு மாத முடிவில் சாவோ பிறரைச் சார்ந்திருப்பதோ குறையவில்லை. தேர்ந்தவர்கள் தொடர்ந்து வர வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. கை எவ்வளவு உயர்கிறது என்று பார்க்க வருகிறவர், தூக்கம், பசி, வெளியே போய்வந்தது பற்றியும் கேட்டு எழுதட்டும். மூன்று மாதம் கழித்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டால், தேறுகிறாரா தேய்கிறாரா என்று தெரிந்துவிடும். மனதின் நிலையும் தாளில் ஏறினால்தான் அதற்கு மருந்தும் நேரமும் ஒதுக்குவார்கள். சிகிச்சை தர வருகிறவர் கேட்காவிட்டால், கேட்டு எழுதும்படி நீங்களே சொல்லுங்கள்.