மலிவு வீடியோ கமராவும் எங்கள் முதியவர்களின் சாட்சியங்களும்

தன்னாமுனையில் வாவிக்கரையோர வீடு ஒன்றின் விறாந்தையில், கச்சான் காற்று வீசும் ஒரு பின்னேரம், அம்மம்மா ஒருவரின் நினைவுகளைப் பதிவுசெய்யப் போயிருந்தேன். தொண்ணூறாம் ஆண்டில் வீட்டைவிட்டு ஓடிய கதையை ஒன்றேகால் மணித்தியாலம் சொன்னார். சுவிஸிலிருந்து வந்த உறவினர் விட்டுச்சென்ற சிறிய வீடியோ கமராவில் முழுவதும் பதிவானது. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் படம் பளிச்சென்று இருந்தது. குரல் கேட்க வேண்டிய இடத்தில் வாவிக்காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. மறுபடி போய் "அதை இன்னொருக்காச் சொல்லுங்கோ அம்மம்மா" என்று கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டேன். முதல் நாள் சொன்ன பல விடயங்களை அவர் இரண்டாம் நாள் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட கமராக்கள் எங்கள் பகுதியில் பல வீடுகளில் இருக்கின்றன. புலம்பெயர் உறவுகள் கோயில் திருநாளுக்கோ கலியாணத்துக்கோ கொண்டுவந்து, போகும்போது கொடுத்துவிட்டுப் போனவை. அவற்றால் என்ன முடியும், எங்கே கைவிட்டுவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு எடுத்தால், ஒரு கிராமத்தின் நினைவைக் காப்பாற்ற அவை போதும்.

காப்பாற்ற வேண்டிய தேவை என்னவென்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தன்னாமுனையிலிருந்து மட்டக்களப்பு நகருக்குப் போகும் வழியில்தான் சத்துருக்கொண்டான் இருக்கிறது. 1990 செப்டெம்பர் 9ஆம் திகதி அங்கிருந்தும் பக்கத்துக் கிராமங்களான பனிச்சையடி, பிள்ளையாரடி, கொக்குவில் ஆகியவற்றிலிருந்தும் கொண்டுசெல்லப்பட்ட 184 பேர் கொல்லப்பட்டார்கள். அதற்கு முதல் வருடம்தான் கடவுச்சீட்டு அளவானது என்ற விளம்பரத்தோடு சோனி நிறுவனம் 790 கிராம் எடையுள்ள ஹண்டிகாம் ஒன்றை யப்பானில் விற்பனைக்கு விட்டிருந்தது. எங்கள் கிராமங்களுக்கு அது எட்டாத பொருள். நடந்ததை வெளியே கொண்டுவந்தது உயிர் தப்பியவரின் வாய்ச்சொல்லும் உறவினர்களின் வாய்ச்சொல்லும்தான். அந்த வாய்ச்சொல்லுக்குச் சொந்தக்காரர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது.

உதாரணத்துக்குச் சோனியின் எச்.டி.ஆர்-சி.எக்ஸ்405 என்ற கமராவை எடுத்துக்கொள்வோம். 2015இல் வந்தது. அந்த நிறுவனத்தின் மிக மலிவான வீட்டுக் கமராக்களில் ஒன்று. கைப்பிடிக்குள் அடங்கும், ஒரு தேங்காய்ப் பாதியின் பாரம்கூட இல்லை. லென்ஸை அசைத்தே 30 மடங்கு வரை கிட்டக் கொண்டுவரும். கைத்தொலைபேசிகள் பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெருப்பிக்கின்றன, அதனால் உருவம் குலைந்துவிடும். இந்தக் கமரா வாவியின் நடுவில் வலை வீசுபவரின் முகத்தைக் கரையில் நின்றபடியே எடுத்துத்தரும். ஆனால் முழுத்தூரம் இழுத்தால் கையின் சிறு நடுக்கமும் படத்தைத் துள்ள வைக்கும். முக்காலி இல்லாவிட்டால் மதிற்சுவரில் ஒரு துவாயை மடித்து வைத்து அதன்மேல் கமராவை இருத்துங்கள்.

இன்னொரு நன்மையைப் பலர் கவனிப்பதில்லை. நிழற்படக் கமராக்கள் பல, வீடியோ எடுக்கும்போது அரை மணித்தியாலத்தை எட்டியதும் தாமாகவே நின்றுவிடும். அரை மணித்தியாலத்துக்கு மேல் பதியும் கருவியை ஐரோப்பியச் சுங்கம் வீடியோ கமராவாகக் கணக்கிட்டு வரி விதித்ததால் தயாரிப்பாளர்கள் வைத்த எல்லை அது. வீட்டு வீடியோ கமராவுக்கு அந்த எல்லை இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்து குழப்பவும் மாட்டாது. சாட்சியம் சொல்பவர் எந்த இடத்தில் மௌனமாவார், எந்த இடத்தில் மறுபடி தொடங்குவார் என்று எங்களுக்குத் தெரியாது. கமரா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பற்றறிதான் இடையில் காலைவாரும். இன்னொன்றை மின்னேற்றிச் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

இனிக் குறைகளுக்கு வருவோம். என்னைக் கெடுத்தது ஒலி. இந்தக் கமராவில் வெளி மைக் செருகும் துளை இல்லை, காதில் மாட்டிக் கேட்டுப் பார்க்கவும் வழியில்லை. அதனால் பதிவு கெட்டுப்போவது அந்த நேரத்தில் தெரியாது. உள்ளே இருக்கும் மைக் கமராவோடு இருக்கிறது, பேசுபவரோ ஆறடி தள்ளி இருக்கிறார். பேச்சு தூரத்தோடு வேகமாகத் தேய்ந்துவிடும். தூரம் இரண்டு மடங்கானால் மைக்கை வந்தடையும் ஒலியின் சக்தி நான்கில் ஒன்றாகக் குறையும். காற்றோ நேராக மைக்கின் வாயிலேயே மோதுகிறது. கமரா தானாக ஒலி அளவைச் சரிசெய்யும் என்பதால், அம்மம்மா அடங்கிப் பேசும் இடத்தில் காகத்தையும் மோட்டார் சைக்கிளையும் தூக்கிக் கொடுக்கும். லென்ஸை எவ்வளவு கிட்டக் கொண்டுவந்தாலும் காது கிட்ட வராது.

இதற்கு வைத்தியம் எளிது, காசும் தேவையில்லை. ஒரு கைத்தொலைபேசியை விமான நிலைக்கு மாற்றி, ஒலிப்பதிவை ஓடவிட்டு, பேசுபவரின் மடியிலோ சட்டைப்பையிலோ வையுங்கள். கமராவையும் ஓடவிட்டு, அதன் முன்னால் ஒருமுறை கை தட்டுங்கள். பிறகு கணினியில் கை சேரும் படத்தையும் அந்த ஒலியையும் ஒன்றாக வைத்தால் இரண்டும் பொருந்திவிடும். முடியுமானால் விறாந்தையை விட்டு உள்ளே போங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். வாவியும் தென்னையும் பின்னால் தெரிய வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. அந்த ஆசைதான் அம்மம்மாவின் கதையைத் தின்றது.

உள்ளே போனால் அடுத்த குறை முன்னுக்கு வரும். இவ்வகைக் கமராக்களில் ஒளியை வாங்கும் சில்லு சின்னிவிரல் நகத்துக்குள் அடங்கும் அளவுதான். வெளிச்சம் குறைந்தால் படத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் விழும். பேசுபவரைக் கதவையோ யன்னலையோ பார்த்தபடி இருத்தினால் போதும். மாறாக யன்னல் அவருக்குப் பின்னால் இருந்தால், கமரா வெளிச்சத்தைப் பார்த்து மயங்கி முகத்தைக் கறுப்பாக்கிவிடும்.

இந்தக் குறையைச் சிலர் பாதுகாப்பாகப் பயன்படுத்துகிறார்கள். முகம் காட்டப் பயப்படுபவரை வெளிச்சத்துக்கு முன்னால் இருத்தி, நிழலுருவமாக எடுக்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். இருண்ட முகத்தைக் கணினியில் வெளிச்சமாக்கினால் பலவேளைகளில் அது அடையாளம் தெரியும் அளவுக்கு வந்துவிடும். முகம் வேண்டாம் என்றால் கைகளை மட்டும் எடுங்கள். வீட்டுச் சுவரில் தொங்கும் படங்களும் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

படமும் ஒலியும் சரியாக வந்தாலும் சின்ன விடயமொன்று பிறகு பெரிதாகலாம். 2009 ஓகஸ்டில் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி, கைகள் கட்டப்பட்டவர்கள் சுட்டுக்கொல்லப்படும் வீடியோவை ஒளிபரப்பியதும், இலங்கை அரசாங்கம் அதைப் போலி என்றதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக இருந்த பிலிப் அல்ஸ்ரன் தடயவியல் மருத்துவம், துப்பாக்கி, வீடியோ ஆகிய மூன்று துறை நிபுணர்களிடம் அதை ஒப்படைத்தார். அது உண்மையானது என்பதையே அவர்களின் ஆய்வு வலுவாகக் காட்டுகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். ஆனாலும் விளக்கம் கிடைக்காத சில விடயங்கள் இருப்பதாகவும் அவர் ஒப்புக்கொண்டார். அவற்றில் ஒன்று கோப்பில் பதிந்திருந்த 2009 ஜூலை 17 என்ற திகதி. போரோ மே மாதத்திலேயே முடிந்திருந்தது. கருவிக்குள் இருந்த ஒரு திகதி, மறுப்பவர்களின் கையில் அவ்வளவு தூரம் போனது.

பல மாதங்கள் மின்னேற்றாமல் அலுமாரியில் கிடந்த கமராவின் கடிகாரம் நின்றுபோயிருக்கும், அல்லது இன்னும் சுவிஸ் நேரத்திலேயே ஓடும். எடுக்க முதல் அதைச் சரிசெய்யுங்கள். அதோடு விட்டுவிடாமல், பதிவின் தொடக்கத்திலேயே திகதி, இடம், யார் எடுக்கிறார் என்பதை வாயால் சொல்லுங்கள். பேசுபவர் சம்மதத்தையும் தன் வாயால் சொல்லட்டும். கடிகாரம் பிழைத்தாலும் அந்தக் குரல் இருக்கும்.

அடுத்தது மெமறி காட். பழைய ஹண்டிகாம் கசற்றுகள் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துப் பழுதானாலும், மூலப்பிரதி என்று ஒன்று அலுமாரியில் இருந்தது. மெமறி காட்டையோ அழித்துவிட்டுத்தான் அடுத்த பிறந்தநாளுக்குக் கொண்டுபோகிறோம். உயர்ந்த தரத்தில் ஒரு மணித்தியாலப் பதிவு ஏறக்குறைய 11 ஜிகாபைட் வரும், நடுத்தரத்தில் 4. பேசும் முகம் ஒன்றுக்கு நடுத்தரம் போதும். நீளமான பதிவை இந்தக் கமராக்கள் பல துண்டுகளாகப் பிரித்துச் சேமிக்கும். ஒரு கோப்பை மட்டும் பிரதிசெய்துவிட்டு வேலை முடிந்தது என்று காட்டை அழித்தவர்கள் இருக்கிறார்கள். காட்டில் உள்ள கோப்புறை முழுவதையும் அப்படியே பிரதிசெய்து, கடைசித் துண்டுவரை ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் அழிக்க வேண்டும். வட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பிரதி என்று எண்ணாதீர்கள். அது படத்தை நசுக்கிவிடும், கோப்போடு வந்த விவரங்களும் தொலைந்துபோகும்.

எனக்குத் தெரிந்தவரை பாதுகாப்பான முறை இரண்டு வன்தட்டுகள். ஒன்று இங்கே, மற்றது கடல் கடந்த உறவினர் வீட்டில். புதுக் கமரா அனுப்பவா என்று கேட்கும் உறவினரிடம், இரண்டு வன்தட்டுகளை அனுப்பச் சொல்லுங்கள். இன்னொரு பிரதி, பேசியவருக்குச் சொந்தமானது. அம்மம்மாவின் வீட்டில் கணினி இல்லை. இரண்டாம் நாள் பதிவை அவருடைய பேத்தியின் தொலைபேசியில் ஏற்றிக்கொடுத்தேன். தனது குரலைக் கேட்டுவிட்டு, மகனின் வயதை ஓரிடத்தில் பிழையாகச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அந்தத் திருத்தத்துக்காக மறுபடி கமராவைப் போட்டோம். அப்போதுதான் முதல் நாள் சொன்னவற்றில் சில திரும்ப வந்தன.