வி.சி.ஆர். முதல் புரொஜெக்டர் வரை: பழைய வீடியோ கேசட்டைப் பெரிய திரையில் காண்பது எப்படி?

புனே: திருமணம், காதணி விழா, பள்ளி ஆண்டு விழா என்று குடும்ப நிகழ்வுகளைப் பதிவு செய்த வி.எச்.எஸ். வீடியோ கேசட்டுகள் இன்றும் பல வீடுகளின் அலமாரிகளில் உள்ளன. அவற்றை இயக்கும் பழைய வி.சி.ஆர். கருவியை, வீடுகளில் இப்போது பரவலாகி வரும் எச்.டி.எம்.ஐ. புரொஜெக்டருடன் இணைக்க இயலுமா என்ற கேள்விக்கு விடை எளியது: இயலும். ஒரு சிறிய மாற்றிக் கருவியும், மூன்று வண்ண முனைகள் கொண்ட ஒரு கம்பியும் போதும். எனினும், நெடுநாள் கிடந்த கேசட்டை முதன்முறை ஓட்டும்போது புரொஜெக்டரை விடக் கணினியுடன் இணைத்துப் பதிவு செய்துகொள்வதே அறிவுடைமை. அந்த முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாகவும் அமைந்துவிடக்கூடும்.

ஏன் இந்த அவசரம்?

ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976-இல் வி.எச்.எஸ். முறையை அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் 1982-ஆம் ஆண்டு, தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித் தூர்தர்ஷன் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியபின், வி.சி.ஆர். கருவி நடுத்தரக் குடும்பங்களையும் எட்டியது. தனியார் தொலைக்காட்சிகள் வருவதற்கு முன், 1988-இல் 'நியூஸ்டிராக்' என்ற ஆங்கில இதழும், 1990-இல் 'பூமாலை' என்ற தமிழ் இதழும் வீடியோ கேசட்டாகவே வெளிவந்தன.

அந்தக் காலம் முடிந்துவிட்டது. வி.எச்.எஸ். கருவிகளைக் கடைசி வரை தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. இன்று இயங்குபவை அனைத்தும் பழைய கருவிகளே. அவற்றின் ரப்பர் பட்டைகள் இறுகுகின்றன, மின்தேக்கிகள் வற்றுகின்றன, உதிரி பாகங்களும், பழுது நீக்கத் தெரிந்தவர்களும் குறைந்து வருகின்றனர். யுனெஸ்கோவின் 'அனைவருக்கும் தகவல்' திட்டமும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் 2019-இல் காந்த நாடாக்கள் பற்றி எச்சரிக்கை விடுத்தன. 2025-ஆம் ஆண்டையொட்டி இயங்கும் கருவிகள் கிடைப்பதே அரிதாகிவிடும் என்பதே அதன் சாரம். அந்த ஆண்டு வந்துவிட்டது.

வி.சி.ஆரின் பின்புறம் என்ன முனைகள் உள்ளன?

முதலில் வி.சி.ஆரின் அல்லது பதிவு வசதி இல்லாத வி.சி.பி.யின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கருவிகளில் மஞ்சள் நிற வட்ட முனை படத்துக்கும், வெள்ளை, சிவப்பு முனைகள் ஒலிக்கும் இருக்கும். வெள்ளை மட்டும் இருந்தால் அது ஒற்றை ஒலித்தடம் உடைய கருவி. மிகப் பழைய கருவிகள் சிலவற்றில் ஆன்டெனா முனை மட்டுமே இருக்கும். அவ்வாறாயின், ஆன்டெனா வழியே சமிக்ஞையைப் பெற்று மஞ்சள் முனை வழியே வெளியே தரக்கூடிய பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று இடையில் தேவைப்படும்.

அடுத்து புரொஜெக்டரைப் பார்க்க வேண்டும். சிலவற்றில் மஞ்சள் முனை நேரடியாகவே உண்டு. சிறிய எல்.இ.டி. புரொஜெக்டர்களில் 'ஏ.வி.' என்று குறிக்கப்பட்ட, ஹெட்போன் துளை போன்ற ஒற்றைத் துளை இருக்கும். அதற்குரிய கம்பிகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளிணைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். படம் வராமல் ஒலிபெருக்கியில் இரைச்சல் மட்டும் கேட்டால், மூன்று நிறங்களையும் இடம் மாற்றிச் செருகிப் பார்ப்பது நல்லது. இந்த இரண்டு முனைகளும் இல்லாத, எச்.டி.எம்.ஐ. மட்டும் கொண்ட புரொஜெக்டருக்கே மாற்றி தேவை.

மாற்றி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

புனேயில் புதவார் பேட்டையில் உள்ள தப்கீர் கல்லி, மின்சார, மின்னணுச் சரக்குகளுக்குப் பெயர் பெற்ற சந்து. 'தப்கீர்' என்றால் மராட்டியில் மூக்குப்பொடி. இத்தகைய கடைவீதிகளில் மாற்றி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆனால் அங்கே இரண்டு வகை உண்டு. ஒன்று 'ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.', மற்றொன்று 'எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வி.'. இரண்டின் பெட்டியும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. நமக்குத் தேவையானது முதல் வகை. பெட்டியின் மேல் உள்ள எழுத்தைப் படித்துவிட்டே பணம் தர வேண்டும்.

வி.சி.ஆரின் மூன்று முனைகளையும் மாற்றியின் உள்ளீட்டு முனைகளில், நிறத்துக்கு நிறம் பொருத்த வேண்டும். மாற்றியிலிருந்து எச்.டி.எம்.ஐ. கம்பி புரொஜெக்டருக்குச் செல்லும். மாற்றிக்குத் தனி மின்சாரம் தேவை. 5 வோல்ட் தரும் கைப்பேசி சார்ஜரே போதும். பின்னர் புரொஜெக்டரின் ரிமோட்டில் உரிய எச்.டி.எம்.ஐ. உள்ளீட்டைத் தேர்ந்தெடுத்தால் இணைப்பு முடிந்தது.

'பால்', 'என்.டி.எஸ்.சி.' ஆகிய இரண்டு முறைகளையும் ஏற்கும் மாற்றியே பயன்படும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளில் வழங்கியது, நொடிக்கு 25 படச்சட்டங்கள் கொண்ட பால் முறை. அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆகிய நாடுகளிலிருந்து உறவினர் அனுப்பிய கேசட்டுகள் என்.டி.எஸ்.சி. முறையில் இருக்கும். அவற்றை இயக்க மாற்றி மட்டும் போதாது; இரு முறைகளையும் படிக்கும் வி.சி.ஆரும் வேண்டும். பால் முறை மட்டும் அறிந்த கருவியில் போட்டால் படம் உருளும், அல்லது நிறமிழந்து தெரியும். அதைக் கண்டு கேசட் கெட்டுவிட்டதாக எண்ணிவிடக் கூடாது.

படம் இடையிடையே ஏன் நீலமாகிறது?

இணைப்பு சரியாக இருந்தும் திரை திடீரென நீலமாகிச் சில நொடிகளில் மீள்வது பலர் காணும் சிக்கல். இதன் காரணம் கேசட் இயங்கும் விதத்தில் உள்ளது. வி.எச்.எஸ். நாடாவின் அகலம் அரை அங்குலம். மூன்று மணி நேரக் கேசட்டில் சுமார் 250 மீட்டர் நாடா சுற்றப்பட்டிருக்கும். அது நொடிக்கு 2.3 சென்டிமீட்டர் அளவே நகர, படிப்பு முனைகள் பொருத்தப்பட்ட உருளை நொடிக்கு 25 முறை சுழன்று, நாடாவில் சாய்வாக எழுதப்பட்ட கோடுகளை ஒவ்வொன்றாகப் படிக்கிறது. நாடா சற்றே நீண்டாலும், உருளையின் வேகம் சிறிது தடுமாறினாலும், படத்தின் ஒவ்வொரு வரியும் உரிய நேரத்துக்கு முன்னோ பின்னோ வந்து சேரும்.

பழைய குழாய்த் தொலைக்காட்சி இந்தத் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொண்டது. படம் சற்று வளைந்து தெரிந்ததே தவிர மறையவில்லை. எண்ணிம மாற்றியோ வரிகள் ஒழுங்கான நேரத்தில் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. வராதபோது சமிக்ஞையே இல்லை என்று முடிவு செய்து நீலத் திரையைக் காட்டுகிறது. வி.சி.ஆரின் 'டிராக்கிங்' விசையைச் சரிசெய்தால் ஓரளவு பலன் கிடைக்கும். அதுவும் போதாதபோது, வரிகளின் நேரத்தை ஒழுங்குபடுத்தும் 'டைம் பேஸ் கரெக்டர்' கருவி உதவும். பழைய டி.வி.டி. ரிக்கார்டர்கள் சில, வி.சி.ஆருக்கும் மாற்றிக்கும் இடையில் வைக்கப்படும்போது இதே பணியைச் செய்கின்றன.

கடையில் வாங்கிய திரைப்படக் கேசட்டுகளில் மட்டும் ஒளி கூடிக் கூடிக் குறைந்தால், அது பழுது அன்று. நகலெடுப்பதைத் தடுக்கச் சேர்க்கப்பட்ட 'மேக்ரோவிஷன்' என்ற பாதுகாப்பின் விளைவு அது. உரிமையை மீறும் நோக்கில் இத்தகைய தொழில்நுட்பத் தடைகளை மீறுவது, பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவின்கீழ் குற்றமாகும். வீட்டில் பதிவு செய்த கேசட்டுகளில் இத்தடை இராது.

கேசட்டை உள்ளே செலுத்தும் முன்

புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நீளும் மழைக்காலம் நாடாக்களுக்கு உகந்ததன்று. நாடாவின் மீது காந்தத் துகள்களை ஒட்டி வைத்திருக்கும் பிணைப்பான் காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைகிறது. சிதைந்த நாடா பிசுபிசுத்து, படிப்பு முனையில் ஒட்டிக்கொள்ளும். ஈரம் பூஞ்சைக்கும் வழிவகுக்கும். கேசட்டின் கண்ணாடிச் சாளரம் வழியே பார்க்கும்போது, சுற்றின் மேற்பரப்பில் வெண்மையான பொடியோ இழையோ தெரிந்தால் அதை இயக்கக் கூடாது. பூஞ்சை கருவிக்குள் பரவி, அடுத்து வரும் நல்ல கேசட்டையும் பற்றும். அத்தகைய கேசட்டைத் தனியே உறையிட்டு வைத்து, நாடாவைத் தூய்மை செய்யத் தெரிந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பூஞ்சை இல்லாவிடினும் சில முன்னெச்சரிக்கைகள் அவசியம்:

- கேசட்டின் முதுகில் உள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டை உடைத்து நீக்க வேண்டும். அதன்பின் தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய காட்சி அழியாது.
- குளிர்ந்த அறையிலிருந்தோ ஈரமான இடத்திலிருந்தோ எடுத்த கேசட்டையும் கருவியையும், இயக்கப்போகும் அறையில் சில மணி நேரம் வைத்திருக்க வேண்டும்.
- நெடுநாள் உறங்கிய கருவியில், இழந்தால் வருந்தத் தேவையில்லாத ஒரு கேசட்டை முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அது நாடாவைக் கடிக்காமல் வெளியே தந்தால்தான் திருமணக் கேசட்டை அதனிடம் தரலாம்.
- ஒரே காட்சியை நெடுநேரம் நிறுத்தி வைக்கக் கூடாது. நாடா நகராது நிற்க, உருளை மட்டும் அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

முதல் ஓட்டம் பதிவுக்கே

புனேயின் இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964 பிப்ரவரியில் நிறுவப்பட்டது. அதை வளர்த்தெடுத்த பி.கே. நாயர், தாதாசாகேப் பால்கேயின் படச்சுருள்களில் எஞ்சியவற்றைத் தேடிச் சேர்த்தவர். 1913-இல் வெளியான பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா'வில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதியே. உரிய நேரத்தில் நகலெடுக்கப்படாதது திரும்பக் கிடைப்பதில்லை என்பதே இந்நகரம் கற்பிக்கும் பாடம். மூலப் பிரதியைப் பாதுகாத்து, நகலைத் திரையிடுவதே ஆவணக் காப்பகங்களின் நெறி. தேசியத் திரைப்படப் பாரம்பரிய இயக்கத்துக்கு மத்திய அரசு ரூ.597.41 கோடி ஒதுக்கியது. ஆனால் அது திரைப்படங்களுக்கானது. வீட்டுக் கேசட்டுக்கு அந்த வீடே காப்பகம்.

எனவே முதல் ஓட்டத்தில் மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளை மாற்றியில் செருகுவதற்குப் பதிலாக, யு.எஸ்.பி. வழியே கணினியில் பதிவு செய்யும் சிறு கருவியில் செருக வேண்டும். 'ஓ.பி.எஸ். ஸ்டூடியோ' போன்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். பால் கேசட்டுக்கு 720×576 என்ற அளவும், நொடிக்கு 25 படச்சட்டங்களும் உரியவை. நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 3.6 ஜி.பி. இடம் வேண்டும். மூன்று மணி நேரக் கேசட் 11 ஜி.பி.க்குள் அடங்கும். கோப்பை இரண்டு வெவ்வேறு வட்டுகளில் வைத்து, அவற்றில் ஒன்றை வேறொரு வீட்டில் வைப்பது பாதுகாப்பானது. நகல் கிடைத்தது என்பதற்காக மூலக் கேசட்டை எறிந்துவிடக் கூடாது. அதை முழுவதும் பின்சுற்றி, உறையிலிட்டு, நூலைப் போல நிமிர்த்தி, ஈரமற்ற இடத்தில் வைக்க வேண்டும்.

திரையில் எப்படித் தெரியும்?

கோப்பைக் கணினியிலிருந்தோ, பென் டிரைவிலிருந்தோ புரொஜெக்டரில் காணலாம். அப்போது படம் நீலமாவதும் இல்லை, நாடா தேய்வதும் இல்லை. ஆனால் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். வி.எச்.எஸ். தரும் கிடைமட்டத் தெளிவு சுமார் 240 கோடுகள் மட்டுமே. ஃபுல் எச்.டி. புரொஜெக்டரோ 1920×1080 புள்ளிகளால் படம் வரைகிறது. புதிய புள்ளிகள் எத்தனை இருப்பினும், நாடாவில் இல்லாத நுணுக்கத்தை அவை தோற்றுவிக்க இயலாது.

புரொஜெக்டரின் பட விகிதத்தை 4:3 என்று வைக்க வேண்டும். இல்லையெனில் மணமக்கள் அகலமாகத் தெரிவர். 100 அங்குல அகலத்திரையில் 4:3 படம் ஏறத்தாழ 65 அங்குல அகலமும் 49 அங்குல உயரமும் பெற்று, இருபுறமும் கறுப்புப் பட்டையுடன் நிற்கும். புரொஜெக்டரைச் சற்று முன்னே நகர்த்திப் படத்தைச் சிறிதாக்கினால் தெளிவு கூடும். 'ஷார்ப்னஸ்' அளவைக் குறைத்தால் இரைச்சல் புள்ளிகள் அடங்கும். படத்தின் அடியில் நெளியும் சில வரிகள் பழுது அல்ல. படிப்பு முனைகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடம் அது. பழைய தொலைக்காட்சியின் சட்டம் அதை மறைத்திருந்தது. ஒலியைப் புரொஜெக்டரின் சிறு ஒலிபெருக்கிக்கு விடாமல், தனி ஒலிபெருக்கியில் கேட்பது நல்லது.

இன்னொரு பணியும் உண்டு. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய பந்தியில் அமர்ந்திருப்போர் யார், தாலி எடுத்துத் தரும் பெரியவர் எந்த ஊரார் என்பதைச் சொல்லக் கூடியவர்களும் முதுமையில் உள்ளனர். பெரிய திரையில் அனைவரும் கூடிப் பார்க்கும் அந்த மாலையில் ஒரு குறிப்பேட்டை அருகில் வைத்துக்கொண்டு, காட்சியின் நேரத்தையும் அவர்கள் சொல்லும் பெயர்களையும் எழுதிக்கொள்ளலாம். முகங்களை நாடாவிலிருந்து மீட்க இயலும். பெயர்களோ எந்த நாடாவிலும் இல்லை.