நீதியரசரும் நாமும் – 9
பத்து ரூபாய் மனு

போன வாரம் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ராமசாமி விவகாரத்தில் நிறுத்தியிருந்தேன். 1993 மே மாதம், மக்களவையில் பதவி நீக்கத் தீர்மானத்துக்கு ஆதரவாக 196 வாக்கு, எதிராக ஒன்றுகூட இல்லை. காங்கிரஸ்காரர்கள் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்ததால் தீர்மானம் தோற்றது. விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் ஒரு நில விவகாரத்துக்காகத் திருவள்ளூர் மாவட்டம் காவேரிராஜபுரம் போவதாகச் சொல்லியிருந்தேன். டெல்லி சாந்தினி சௌக் துணி வியாபாரி ஒருவர் வழியை மறித்துவிட்டார்.

சுபாஷ் சந்திர அகர்வால். பத்திரிகைகளுக்கு வாசகர் கடிதம் எழுதியே கின்னஸில் இடம்பிடித்தவர். 3,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள் அச்சேறியிருக்கின்றன. (நம் இதழுக்கு வாராவாரம் இன்லேண்டு அனுப்பும் அன்பர்கள் கவனிக்க!) தகவல் உரிமைச் சட்டம் வந்ததும் கடிதம் எழுதிய கை மனு எழுத ஆரம்பித்தது.

2007 நவம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மனு. கட்டணம் 10 ரூபாய். நீதிபதிகள் தங்கள் சொத்து விவரத்தைத் தலைமை நீதிபதியிடம் தர வேண்டும் என்று 1997 மே 7-ல் அவர்களே தீர்மானம் போட்டிருந்தார்கள். அதன்படி தந்தார்களா? உயர் நீதிமன்ற நீதிபதிகள் அவரவர் தலைமை நீதிபதியிடம் தருகிறார்களா? கேள்வி இவ்வளவுதான். யாருக்கு எத்தனை ஏக்கர், எத்தனை பவுன் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

தீர்மானத்தின் நகல் வந்தது. மற்றது பதிவகத்தில் இல்லை என்று பதில். தலைமை நீதிபதி அலுவலகம் வேறு, பதிவகம் வேறாம். ஒரே கட்டடம், ஒரே நிறுவனம்! மத்திய தகவல் ஆணையம் இதை ஏற்காமல், 2009 ஜனவரியில் தகவலைக் கொடு என்றது.

அப்புறம் நடந்ததுதான் என்னைக் காவேரிராஜபுரம் போகவிடவில்லை. உச்ச நீதிமன்றத் தரப்பே மனுதாரராக டெல்லி உயர் நீதிமன்றப் படியேறியது. 2009 செப்டம்பரில் நீதிபதி ரவீந்திர பட்டிடம் தோற்றது. மேல்முறையீடு; 2010 ஜனவரியில் ஏ.பி. ஷா தலைமையிலான மூவர் அமர்விலும் தோல்வி. அடுத்த மேல்முறையீடு எங்கே? உச்ச நீதிமன்றத்தில்தான்! தன் வழக்கைத் தானே விசாரித்து, 2019 நவம்பர் 13-ல் ஐவர் அமர்வு அகர்வால் பக்கம் தீர்ப்பளித்தது. உண்டா, இல்லையா என்ற கேள்விக்குப் பன்னிரண்டு வருடம். கீழ்க்கோர்ட்டில் வாய்தா வாங்கியே நரைத்தவர்கள் கொஞ்சம் ஆறுதல்பட்டுக்கொள்ளலாம்.

நடுவில் ஒரு நல்ல செய்தி. வழக்கு சூடாக இருந்த 2009 ஆகஸ்டில், பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றத்தில் இருந்த நம்மூர்க்காரர் நீதிபதி கே. கண்ணன், யாரும் கட்டாயப்படுத்தாமலே தன் சொத்து விவரத்தை வெளியிட்டார். ராமசாமி தலைமை நீதிபதியாக இருந்து சர்ச்சையில் சிக்கிய அதே சண்டிகர்.

பதவி நீக்கத் தீர்மானம் எம்.பி.க்கள் கையில் இருக்கிறது. நீதிபதிகள் மீதான புகாரை நீதித்துறையே விசாரிக்கும் உள்விசாரணை நீதிபதிகள் கையில். குடிமகன் கையில் கேள்வி ஒன்றுதான் இருக்கிறது. அதைப் பலமில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேலை பாதியில் நிற்கிறது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொத்து விவரங்களை இணையத்தில் ஏற்றியபோது 33 நீதிபதிகளில் 21 பேரின் விவரமே வந்தது. உயர் நீதிமன்றங்களில் பலவும் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

காவேரிராஜபுரம் நில விவகாரம் அடுத்த வாரம், நிச்சயமாக. அதற்குள் யாராவது நம் உயர் நீதிமன்றத்துக்கு இதே கேள்வியை எழுதிப் பாருங்கள். தகவல் மனுவுக்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வருகிற பதிலின் நகலை எனக்கும் அனுப்புங்கள்.