ஏரியைச் சுற்றி ஒரு சைக்கிள் பயணம்

உங்களில் பலருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்கும். இன்று நாம் கூட்டமாகச் சைக்கிளில் கிளம்பி ஓர் ஏரியைச் சுற்றி வரப்போகிறோம். சுற்றளவு ஏறக்குறைய 116 கிலோமீட்டர்! மலைத்துவிடாதீர்கள். காலையில் புறப்பட்டால் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

அமெரிக்காவின் மேற்கே, கலிபோர்னியா, நெவாடா ஆகிய இரு மாநிலங்களின் எல்லையில் இருக்கிறது டாஹோ ஏரி. கடல் மட்டத்திலிருந்து 1,897 மீட்டர் உயரத்தில், பனி மூடிய மலைகளுக்கு நடுவே கிடக்கிறது. நீளம் 35 கிலோமீட்டர், அகலம் 19 கிலோமீட்டர். ஆழம்? மிக ஆழமான இடத்தில் 501 மீட்டர். 20 மீட்டர் உயரமுள்ள பனைமரங்கள் இருபத்தைந்தை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினால்தான் உச்சி மரத்தின் ஓலை நீர்மட்டத்தைத் தொடும். பூமியின் மேலோடு பிளந்து, இரு பக்கமும் மலைகள் எழும்ப, நடுவிலிருந்த நிலம் கீழே இறங்கியதால் உண்டான பள்ளம் இது. அங்கே வாழும் வாஷோ பழங்குடி மக்களின் மொழியில் ஏரியைக் குறிக்கும் சொல்தான் திரிந்து ‘டாஹோ’ ஆயிற்று.

ஏரியின் தென்கரையிலிருந்து புறப்படுவோம். எந்தப் பக்கமாகச் சுற்றுவது? கடிகார முள் சுற்றும் திசையில்தான். அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகச் செல்லும். அப்படிச் சென்றால் ஏரி எப்போதும் நம் வலக்கை அருகிலேயே இருக்கும். வேடிக்கை பார்க்கச் சாலையைக் கடக்க வேண்டியதில்லை. இடப்பக்கம் செல்லும் நம் நாட்டில் ஓர் ஏரியைச் சுற்றுவதானால் எந்தத் திசை வசதி? யோசித்துப் பாருங்கள்.

சமதரையில் நாம் ஒருவர் பின் ஒருவராக, நெருங்கிப் போகிறோம். இது அழகுக்காக அல்ல. வேகமாகச் செல்லும் சைக்கிள்காரருக்குப் பெரிய எதிரி காற்றுதான். வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். முன்னே செல்பவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அவர் முதுகுக்குப் பின்னால் வருபவருக்கு எதிர்ப்பு வெகுவாகக் குறைகிறது. அவருக்கு நான்கில் ஒரு பங்கு உழைப்புகூட மிச்சமாகலாம். முன்னவர் களைத்ததும் பின்னே நழுவ, அடுத்தவர் முன்னே வருவார். இப்படி முறை வைத்து ஓட்டினால் தனியாகப் போவதைவிடக் கூட்டமாகப் போவதே சுலபம்.

மேற்குக் கரையில் ஏற்றம் வந்ததும் இந்தக் கூட்டுறவு கலைந்துவிடுகிறது. ஏற்றத்தில் வேகம் குறைவு. அங்கே எதிரி காற்றல்ல, புவியீர்ப்பு. யார் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாலும் உங்கள் எடையை நீங்களேதான் மேலே கொண்டுபோக வேண்டும். மூச்சும் வாங்குகிறது. இந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கே. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அவ்வளவே. (அடர்த்தி குறைந்த காற்று சமதரையில் நமக்குச் சற்று வழிவிடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

மேலே ஏறியதும் கீழே மரகத விரிகுடா தெரிகிறது. பனியாறுகள் மலையைக் குடைந்து உண்டாக்கிய குடா இது. நடுவே ஒரு சின்னஞ்சிறு தீவு. இத்தனை பெரிய ஏரியில் இருப்பது இந்த ஒரு தீவுதான். வடமேற்கில் டாஹோ நகரத்தை அடைகிறோம். 63 ஓடைகளும் ஆறுகளும் ஏரியில் வந்து விழுகின்றன. வெளியேறுவதோ இங்கே தொடங்கும் டிரக்கி ஆறு ஒன்றுதான். அதுவும் கடலுக்குப் போவதில்லை. நெவாடாப் பாலைவனத்தில் பிரமிட் ஏரியில் முடிந்துவிடுகிறது.

வடகரையைக் கடந்து கிழக்கே திரும்பினால் ஸ்பூனர் கணவாய். ஏரி மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் ஏற வேண்டும். நீங்களும் சைக்கிளுமாக 75 கிலோ என்று வைத்துக்கொண்டால் இந்த ஏற்றத்துக்கு உடல் செலவிடும் சக்தி ஏறத்தாழ 200 கிலோகலோரி. நான்கைந்து இட்லி தரும் சக்தி! அவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். ஏறும்போது அப்படித் தோன்றாது.

உச்சியை நெருங்கும்போது திரும்பிப் பாருங்கள். ஏரி எவ்வளவு நீலம்! தண்ணீர் ஒளியிலுள்ள சிவப்பை விழுங்கிவிடுகிறது. நீலத்தைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது. தண்ணீர் எவ்வளவு தூய்மையோ அவ்வளவு நீலம். இந்தத் தூய்மையை அளக்க எளிய கருவி ஒன்று உண்டு. 1865-இல் இத்தாலிய வானியலறிஞர் ஆஞ்செலோ செக்கி, மத்தியதரைக் கடலில் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழமே தெளிவின் அளவு. பெயின்ட் டப்பா மூடிக்கு வெள்ளை பூசி, அதில் கல்லைக் கட்டி, கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டால் உங்களிடமும் ஒரு செக்கித் தட்டு தயார். குளத்தில் அளக்கும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்.

டாஹோவில் 1968-ஆம் ஆண்டின் சராசரி 31.2 மீட்டர். ஒன்றரைப் பனை ஆழத்தில் கிடந்த தட்டு கண்ணுக்குத் தெரிந்தது! 2017-இல் அது 18.2 மீட்டராகக் குறைந்துபோயிற்று. என்னதான் நடந்தது?

விடையைச் சாலையே சொல்கிறது. இறக்கத்தில் விரைந்து வருகிறோம். “ஓரத்தில் மணல்! ஜாக்கிரதை!” என்று முன்னே செல்பவர் கத்துகிறார். வளைவில் மணல் மீது ஏறினால் சக்கரம் சறுக்கிவிடும். அந்த மணல் எங்கிருந்து வந்தது? குளிர்காலத்தில் சாலையில் பனி உறையும்போது வண்டிகள் வழுக்காமலிருக்கத் தூவியது. நம்மைச் சறுக்கிவிடும் அதே மணல் வண்டிகளை அன்று காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கான டயர்கள் அதை அரைத்து மாவாக்குகின்றன. பனி உருகி ஓடும் நீர் அந்த மாவை ஏரியில் சேர்க்கிறது.

மணல் என்றால் அடியில் படிந்துவிடாதா? இங்கேதான் கணக்கு இருக்கிறது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மணல், அசையாத குளிர்ந்த நீரில் 500 மீட்டர் இறங்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். துகளின் குறுக்களவு 100 மடங்கு குறைந்தால் இறங்கும் வேகம் 100 மடங்கு அல்ல, 10,000 மடங்கு குறைகிறது! ஆகவே ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவுள்ள துகளுக்கு 10,000 நாட்கள், அதாவது 27 ஆண்டுகள் வேண்டும். உண்மையான ஏரியில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இதைவிட விரைவாகவும் இறங்குவது உண்டு. ஆனாலும் மிதக்கும் காலமெல்லாம் அவை ஒளியைச் சிதறடித்துக்கொண்டே இருக்கும். நுண்ணிய பாசிகளும் இந்தக் குற்றத்தில் பங்காளிகள்.

கரையோர ஊர்களின் சாக்கடை நீரை ஏரியில் விடாமல், குழாய்கள் மூலம் மலைகளுக்கு அப்பால் அனுப்பும் ஏற்பாடு 1970-களிலேயே வந்துவிட்டது. பலரும் அதோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார்கள். தூசியை யார் நினைத்தார்கள்? இப்போது தூசியை உறிஞ்சும் வண்டிகள் சாலைகளைப் பெருக்குகின்றன. மழைநீரைத் தேக்கி மண்ணைப் படியவிடும் குட்டைகள் வெட்டுகிறார்கள். முன்பு கட்டடங்களுக்காக அழிக்கப்பட்ட சதுப்பு நிலங்களை மீட்கிறார்கள். நாணலும் புல்லும் அடர்ந்த அந்நிலங்கள் இயற்கையான வடிகட்டிகள். 29.7 மீட்டரை எட்டுவது அவர்கள் இலக்கு. 2024-இல் சராசரி 19 மீட்டர்.

இதோ, குகைப்பாறை. வாஷோ மக்களுக்குப் புனிதமான இந்தப் பாறையைக் குடைந்து 1931-இல் சாலை போட்டார்கள். சுரங்கத்துக்குள் ஒருவர் பின் ஒருவராகவே செல்லுங்கள். வெளியே வந்தால், புறப்பட்ட தென்கரைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். வளைவுகளில் மட்டும் மணலைப் பார்த்து ஓட்டுங்கள்!