மரக்கறியும் மரக்கரியும்

நம்மிடம் முன்னர் கல்வி பயின்ற இளைஞர் ஒருவர் யாழ்ப்பாணத்திலே சிறு கடையொன்று திறந்தார். முகநூலில் அவர் இட்ட முதல் விளம்பரம், "புத்தம் புதிய மரக்கரி வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படும்" என்பதாகும். வல்லின றகரம் இருக்கவேண்டிய இடத்தில் இடையின ரகரம் அமர்ந்துகொண்டது. கத்தரியும் வெண்டியும் விற்க வந்தவர் அடுப்புக்கரி வியாபாரியானார்! நண்பர்கள் நகைத்தனர், அது போகட்டும். அதே விளம்பரத்தில் 2500 ரூபாப் பொதியின் விலை 250 என்றிருந்தது. அதனை நம்பிக் கடைக்கு வந்தோர், முதல் நாளிலேயே அவரைப் பொய்யர் என்று ஏசிச் சென்றனர்.

பதிவைப் பின்னர் திருத்தலாமே என்பர் சிலர். திருத்தலாம், ஆயின் பிறர் படமாக்கி அனுப்பிய பிரதிகளைத் திருத்துவார் யார்? கைபேசியும் நம்மை எச்சரிக்காது. அதற்குக் கறியும் கரியும் பிழையற்ற சொற்களே. 250உம் நல்ல எண்ணே.

1849ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய ஆறுமுக நாவலரின் பதிப்புகள் பிழையின்மைக்குப் பேர்பெற்றவை. பழைய அச்சுக்கூடங்களில் ஒருவர் மூலப்படியை உரக்க வாசிக்க, மற்றொருவர் அச்சுப்படியை ஒப்புநோக்குவார். எழுதியவருடைய கண், தான் எழுத நினைத்ததையே தாளிற் காணும். (வினாத்தாள் தயாரிக்கும் நாமும் இதற்கு விலக்கல்லேம்.) ஆதலின் இரண்டாவது ஆள் வேண்டும்.

இப்பொழுது அவ்விளைஞரின் தங்கை விளம்பரத்தை எழுத்தெழுத்தாக வாசிக்கிறாள். அவர் விலைப்பட்டியலோடு ஒப்பிடுகிறார். சென்ற வாரம் கடையின் தொலைபேசி இலக்கத்தை எண்ணிப் பார்த்தாள். பத்து இலக்கங்களுக்கு ஒன்பதே இருந்தன.