உங்களுக்குத் தெரியுமா? தங்க நிற சிடியில் மாட்டிக்கொண்ட படங்கள்

ஒரு காலத்தில் ஃபிலிம் சுருளை லேபில் கொடுத்தால் படங்களை ஸ்கேன் செய்து, தங்க நிற சிடியில் பதிந்து தருவார்கள். 1992-இல் கோடாக் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஃபோட்டோ சிடி’ இது. ஒரு சிடியில் சுமார் 100 படங்கள். ஒவ்வொன்றும் ஐந்து அளவுகளில். பெரிய அளவு 3072×2048 பிக்சல். அந்தக் காலத்துக்கு அமர்க்களம்தான்!

ஆனால் கோப்பு வடிவத்தின் முழு நுணுக்கத்தையும் கோடாக் வெளியிடவில்லை. வில்லங்கம் அங்கே தொடங்கியது. ஜேபெக் பரவியதும், ‘பிசிடி’ எனப்படும் இந்தக் கோப்பைத் திறக்கும் வசதியைப் பல மென்பொருள்கள் கைவிட்டன.

வெளியாட்கள் சிலர் கோப்பைக் குடைந்து ஆராய்ந்து, மாற்றித்தரும் நிரல்களை எழுதினார்கள். அதிலும் வண்ணக் கணக்கு பிசகினால், மணப்பெண்ணின் வெள்ளை கவுன் மடிப்பெல்லாம் மறைந்து வெறும் திட்டாகிவிடும். மாற்றிய படத்தின் வெளிச்சமான பகுதிகளைப் பெரிதாக்கிப் பார்க்கும்வரை மூல சிடியைத் தூக்கிப்போடக் கூடாது.