பள்ளித் தோட்டமும் உண்கலமும்

மரங்களின் பெயரால் ஊர்களை வழங்கிய மண் நம் கீழ்க்கரை. ஆலையடிவேம்பில் வேம்பும், பனங்காட்டில் பனையும், மருதமுனையில் மருதும் இன்றும் ஒலிக்கின்றன. ஊர்ப்பெயரில் வாழும் மரம் பள்ளி முற்றத்திலும் வாழ்தல் வேண்டுமன்றோ?

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மூலிகைகளை அடுக்கிச் சொல்லவில்லை. அளவறிந்து, முன் உண்டது செரித்தபின் உண்ணும் முறையையே பெரிதும் வற்புறுத்துகின்றார். ‘அரண்’ அதிகாரத்திலோ நிழல் தரும் காட்டையும் நாட்டின் காவலாக எண்ணுகின்றார். உணவொழுங்கு உடலுக்குக் காவல். நிழல் ஊருக்குக் காவல். இவ்விரண்டையும் பிள்ளைகள் ஒருங்கே கற்கத்தக்க இடம் பாடசாலையே.

பாடசாலைத் தோட்டம் இலங்கைக்குப் புதிதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்திட்டம் இங்கே தோன்றிற்று, சி. டிறிபேர்க் என்பார் அதன் மேற்பார்வையாளராகப் பணியாற்றினார். பாக்கு நீரிணைக்கு அப்பால், பள்ளியுணவு வேறொரு வழியில் வளர்ந்தது. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் நண்பகலுணவு வழங்கத் தொடங்கியது. 1956இல் காமராசர் அவ்வறத்தை மாநிலமெங்கும் பரப்பினார், 1982இல் எம்.ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022இல் காலையுணவும் சேர்ந்தது. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதை நாடறியச் செய்த முயற்சிகள் இவை.

நாம் இன்று செய்யவேண்டியது, தோட்டத்தையும் உணவையும் இணைத்தலே. தோட்டத்திற் கத்தரியை நட்டுப் புள்ளி பெற்ற மாணவன், இடைவேளையிற் சிற்றுண்டிச்சாலைக்குச் சென்று எண்ணெய்ப் பண்டமும் இனிப்புப் பானமும் வாங்குவானாயின், அப்பாடம் ஏட்டோடு நின்றுவிடும். சிற்றுண்டிச்சாலையில் எவற்றை விற்கலாம், எவற்றை விற்கலாகாது எனக் கல்வி அமைச்சு சுற்றுநிருபம் வகுத்துள்ளது. எனினும், விலக்கிய பண்டத்தின் இடத்தில் நல்லதொன்றை வைத்தாலன்றி விதி மட்டும் பசி தீர்க்காது.

வைக்கத்தக்கது நம் கையிலேயே உண்டு. அரிசியும் தேங்காய்ப்பாலும் கீரைச்சாறும் சேர்ந்த இலைக்கஞ்சி, அவித்த கடலை, வாழைப்பழம் ஆகியவை எளியன; மலிவானவை. கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர உயிர்ச்சத்து ‘சி’ துணைசெய்யும். ஆதலால் எலுமிச்சைச் சாறு சில துளி பிழிந்துகொள்ளுதல் நன்று. உணவோடு அருந்தும் தேநீரோ அச்சத்துச் சேர்வதைத் தடுக்கும். வேதியியற் பாடத்திற்கு இதனினும் சுவையான எடுத்துக்காட்டு வேறுண்டோ?

தோட்டம் அமைப்பதிலும் நிலமறிதல் வேண்டும். நமது கரையோர மணல் நீரைத் தேக்காது. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின் கோடை நீளும். இடையில் விடுமுறையும் வரும். நாள்தோறும் நீர் வேண்டும் செடிகளை மட்டும் நட்டால், மாணவர் மீளும்போது காய்ந்த பாத்திகளே எஞ்சும். எனவே முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, எலுமிச்சை முதலியவற்றை மழைக்காலத்தில் நட்டு வேரூன்றச் செய்தல் வேண்டும். கைகழுவும் நீரை வாழைக்குத் திருப்பலாம். வேலியோரத்து வேம்பு நிழலும் தரும், காற்றின் வேகத்தையும் தணிக்கும்.

ஆசிரியப் பெருமக்களே! பெருநிதி வரட்டும் எனக் காத்திருத்தல் வேண்டா. வரும் மழைக்கு முன் ஒவ்வொரு வகுப்பும் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றுக. அதன் முதற் கீரை சந்தைக்குச் செல்லாது, நட்ட மாணவரின் கஞ்சிக் கலத்துக்கே வருக. தான் நட்டதைத் தானே உண்ட பிள்ளைக்கு மரத்தின் அருமையை ஒருவர் சொல்லித்தர வேண்டுவதில்லை.